கதவு சாத்திய பதினோரு நிமிடம்

யாருமில்லாத அறையில் யாரோ டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்கள்.

குமுதா இயர்போனைக் கழற்றிவிட்டுச் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். குழாய் மூடித்தான் இருந்தது. ஜெலுத்தோங்கில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த டெரஸ் வீட்டில் சனிக்கிழமை மத்தியானம் எந்த மூலையிலிருந்து என்ன சத்தம் வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. கூரைத் தகரம் வெயிலில் விரிந்து டக்கென்று முறியும் சத்தம், பின்பக்கக் கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம், பக்கத்து வீட்டு நோர்மா அக்கா கல்லில் மிளகாய் இடிக்கும் சத்தம், அப்பா அறையில் காத்தாடி நான்கு சுற்றுக்கு ஒருமுறை முனகும் சத்தம். தண்ணீர் ஊற்றும் சத்தம் இதில் சேர்த்தி இல்லை. அது கைப்பேசிக்குள் இருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் பதிவு செய்தது. அவர்கள் வீட்டில் அன்றைக்கு முன்னறையில் தலைவாழை இலை போட்டுப் படையல் வைப்பார்கள். இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வைத்து, ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு முடித்ததும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கதவை மூன்று முறை தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். வந்தவர்கள் கூச்சப்படாமல் சாப்பிடட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு என்று குமுதா ஐம்பத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்பா பேர் சொல்லிக் கூப்பிடுவதைப் பதிவு செய்யத்தான் அலமாரியின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்தாள். புதிதாக ஒரு பேராவது கிடைக்காதா என்ற நப்பாசை. அவர் எப்போதும்போல மூன்றே பேரைக் கூப்பிட்டார். அவருடைய அப்பா, அம்மா, அப்புறம் குமுதாவின் அம்மா. அதற்கு மேலே எவரும் இல்லை, வானத்திலிருந்து குதித்த குடும்பம் மாதிரி. குமுதாவுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. இலைக்கு முன்னால் நின்றபடியே கேட்டாள்: "உங்க தாத்தா பேரு என்னப்பா? பாட்டி பேரு? எந்தத் தோட்டம்? என்ன வேல செஞ்சாங்க? எங்கயாவது அவங்க பேர எழுதி வச்சிருக்கா?"

"வெளிய வா. கதவச் சாத்து" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அந்தக் கோபத்தில் கைப்பேசியை உள்ளேயே மறந்துவிட்டாள். கதவு சாத்திய பிறகு பதினோரு நிமிடம் அப்பாவும் அவளும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் கிராக்கர் பிஸ்கட்டைப் பால் போடாத கோப்பி-ஓவில் முக்கி முக்கிச் சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஏனென்றால் அவள் அந்தப் பதினோரு நிமிடமும் அவரை முறைத்துக்கொண்டே இருந்தாள்.

இயர்போனை மறுபடி செருகினாள்.

தண்ணீர். வாழையிலை சரசரக்கும் சத்தம். பல் விழுந்த வாய் எதையோ மெல்லும் ஈரமான சத்தம். அப்புறம் ஒரு தொண்டைச் செருமல். பிறகு, அவசரமே இல்லாமல், ஒரு கிழட்டு ஆண் குரல்.

"சடையன்."

கொஞ்ச நேரம் மெல்லும் சத்தம்.

"பொண்டாட்டி வெள்ளச்சி."

மறுபடியும் மெல்லும் சத்தம்.

"பத்து காவான் தோட்டம். மொதல்ல கரும்பு வெட்டுனான். அப்புறம் பால்மரம் சீவுனான். கோயில் மணியில பேரு இருக்கு. உள் பக்கமா."

ஐந்து கேள்விக்கும் பதில். கேட்ட வரிசையிலேயே.

குமுதா பயந்தாள், நன்றாகவே பயந்தாள். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருக்கும். சந்தோஷம். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் கேட்ட கேள்விக்கு யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு வருடம் என்றால் சும்மா இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஐந்து நாள் வேலை, மிச்ச இரண்டு நாள் குடும்ப வரலாறு என்று அலைந்தாள். ஆவணக் காப்பகத்தில் படிவம் நிரப்பினாள். படிவம் சரியில்லை என்று இன்னொரு படிவம் கொடுத்தார்கள். தோட்டத்து ஆபீஸைத் தேடிப் போனாள். ஆபீஸ் இருந்த இடத்தில் ஒரு கிடங்கு இருந்தது. நாற்பத்தாறு பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு கேள்வி போட்டாள். பதிலுக்கு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்தன. சித்தி மகள் நவமணி மட்டும் ஒருமுறை எழுதினாள்: "ஏன் லா பழச கெளறிக்கிட்டு இருக்க?" அப்பாவோ, நோர்மா அக்காவோடு மலாயில் அரை மணி நேரம் மீன் விலை பேசுவார். தன் தாத்தா பேரைக் கேட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

மகள் தேன்மொழிக்கு ஆறு மாதம். வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்துவிட்டது. அந்தக் குழந்தைக்காகத்தான் இத்தனையும். நாளைக்கு அது "நாம எங்கேருந்து வந்தோம் பாட்டி?" என்று கேட்டால் தன்னைப்போல அதுவும் மூன்று பேரோடு நிற்கக் கூடாது. அது பிறப்பதற்குள் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட வேண்டும் என்று குமுதாவுக்கு ஒரு வெறி.

மறுநாளே தேன்மொழியை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். தேன்மொழியும் அவள் புருஷன் குகனும் பத்து காவானில்தான், புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றில் இருந்தார்கள். தோட்டத்துக் கோயிலைப் பெயர்த்துக்கொண்டு வந்து ஒரு தொழிற்சாலை வேலியோரம் வைத்திருந்தார்கள். தகரக் கூரை, ஒரு சூலம், ஒரு மணி.

"அம்மா, இந்த வெயில்ல மணிக்குள்ள என்னாத்த தேடுறீங்க?" என்றாள் தேன்மொழி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு.

குமுதா கைப்பேசி வெளிச்சத்தை மணிக்குள் பாய்ச்சினாள். பச்சைப் பாசி பிடித்த வெண்கலத்தில் ஆணியால் கீறியது போல் எழுத்துகள். சடையன் உபயம்.

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தேன்மொழியும் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது காடியை ஓட்டிக்கொண்டே குமுதா கேட்டாள், "பாப்பாவுக்குப் பேரு முடிவு பண்ணிட்டீங்களா? வரைபடத்துல உன் பேருக்குக் கீழ ஒரு கட்டம் காலியா விட்டு வச்சிருக்கேன்."

"முடிவு பண்ணியாச்சு. சொல்ல மாட்டேன். பொறக்கட்டும். தாத்தா வாரா வாரம் போன் பண்ணி இதத்தான் கேக்குறாரு, அவருகிட்டயே சொல்லல."

அன்று சாயங்காலம் குமுதா அந்தப் பதிவைக் குழுவில் போட்டாள். கூடவே மணியின் படம். "நம் கொள்ளுத் தாத்தா சடையன்" என்று ஒரு பக்கத்துக்குக் கதையும் எழுதினாள். யார் குரல் என்று எழுதவில்லை. எழுதாததுதான் அவள் செய்த பொய்.

குழு பற்றிக்கொண்டது. குரல் அப்பாவுடையது என்றே எடுத்துக்கொண்டு, நாராயணன் மாமா என்ன அழகாகப் பேசுகிறார் என்று எழுதினார்கள். கோலாலம்பூரிலிருந்து தம்பி சுகுமாரன் போனே பண்ணிவிட்டான்.

"அக்கா, அப்பாவ எப்படிக்கா பேச வச்ச?"

"கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றாள் குமுதா.

அந்தக் குரல் அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது என்பது நிஜம். அப்பா அந்த நேரம் அவள் கண்ணெதிரே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார் என்பதும் நிஜம். இரண்டு நிஜத்தையும் ஒன்றாக வைத்து யோசிக்க அவளுக்கு மனம் வரவில்லை. குழுவில் இதயங்கள் வந்துகொண்டே இருந்தன. சடையனிலிருந்து கீழிறங்கி, நாராயணன், குமுதா, சுகுமாரன், அவன் பிள்ளைகள், தேன்மொழி, அவளுக்குக் கீழே காலிக் கட்டம் என்று பெரிய வரைபடம் தயாரித்து அதையும் அனுப்பினாள். ஒன்றைக் கடையில் அச்சடித்து முன்னறைச் சுவரில் ஒட்டினாள்.

அமாவாசை ஒரு வியாழக்கிழமை வந்தது. லீவு போட்டாள். அப்பா மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டு, கூரைத் தகரத்தில் உளுந்தைக் கொட்டுவது போல் ஓயாமல் பெய்தது. குமுதா முன்னறையில் ஓர் இலையைப் போட்டுச் சோறும் கறியும் வைத்தாள். யார் பேரையும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரு தாளை எடுத்துப் பன்னிரண்டு கேள்விகளை வாசித்தாள், பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் வாசிப்பது போல. கைப்பேசியை அலமாரியில் வைத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

பதினோரு நிமிடம். மழைச் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. சாம்பிராணி வாசனையோடு ஈர மண் வாசனை கலந்து கதவிடுக்கால் வந்தது. மழை ஈரம்தான் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மூன்று முறை தட்டித் திறந்தாள். இலை வைத்தபடியே இருந்தது.

கூடத்தில் உட்கார்ந்து, இயர்போன் எடுக்கக்கூடப் பொறுமையில்லாமல் ஸ்பீக்கரிலேயே போட்டாள். தண்ணீர். மெல்லும் சத்தம். இந்தமுறை ஒரு வாய் இல்லை. பல வாய்கள்.

முதல் கேள்விக்குப் பதில் வந்தது. கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பியது. இரண்டாவதுக்கு வந்தது. வெள்ளச்சிக்கு ஏழு பிள்ளைகள், தங்கியது இரண்டு. மூன்றாவது. நான்காவது. குமுதா வேகவேகமாக எழுதிக்கொண்டே போனாள். ஐந்தாவதுக்குப் பதில் வரவில்லை.

"நீ கேட்டது போதும்" என்றது குரல். "இப்ப நாங்க."

பேனா நின்றது.

காகிதத்தின் மேல் விரல் தடவும் சத்தம். மேலிருந்து கீழே. மெதுவாக.

"இது சுகுமாரனா. இவனுக்கு ரெண்டு பசங்களா. தூரமா இருக்காங்களே. இது தேன்மொழி." விரல் நின்றது. "இதுக்குக் கீழ கட்டம் போட்டு வச்சிருக்கு. பேரு இல்லையே. ஏன் பேரு இல்ல?"

வேறு குரல்களும் கேட்டன. ஆணும் பெண்ணுமாக. ஏன் பேரு இல்ல. ஏன் பேரு இல்ல.

பிறகு அந்த முதல் குரல், படையலன்று அப்பா கூப்பிடும் அதே இழுவையில், அதே மரியாதையோடு:

"நாராயணா, வாப்பா. சாப்பிட வா."

"அத நிறுத்து."

அப்பா தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். குமுதா கைப்பேசியை அமுக்கி அணைத்தாள். திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து, "மணி என்ன?" என்றார்.

"மூணரை."

"கதவ எதுக்குச் சாத்துறோம், தெரியுமா?"

"அவங்க சாப்பிடறதுக்கு."

"இல்ல. நாம எதுவும் கேக்காம இருக்கறதுக்கு." அவர் மூச்சு வாங்கினார். "எங்கப்பா எனக்குச் சொல்லல. அவங்கப்பா அவருக்குச் சொல்லல. மூணு தலமுறையா வாய் செத்தவங்கன்னு நெனச்சியா? நாம ஒண்ணு கேட்டா அவங்க ஒண்ணு கேப்பாங்க, குமுதா. பேரு தெரிஞ்சவங்களத்தான் கூப்பிட முடியும். நமக்கும் அப்படித்தான், அவங்களுக்கும் அப்படித்தான்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா!" குமுதா கத்திவிட்டாள். "ரெண்டு வருஷமா நாய் மாதிரி அலையுறேன். உங்க வாயிலேருந்து ஒரு வார்த்த வந்திருந்தா நான் ஏன் அங்க போய்க் கேக்குறேன்?"

"சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா? இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்ப."

அது உண்மை. அந்த உண்மைதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அப்பா எழுந்து முன்னறைக்குள் போனார். வரைபடத்தின் முன்னால் நின்று ஒவ்வொரு பேராகப் பார்த்தார். தன் பேர் மேல் கொஞ்ச நேரம் கண் நின்றது.

"தேனு இன்னும் பேரு சொல்லலையே?"

"இல்லப்பா."

"நல்லது. நானும் இனிமே கேக்க மாட்டேன்." வரைபடத்தைச் சுவரிலிருந்து கிழித்து, நான்காக மடித்து, சமையலறையில் அடுப்பு நெருப்பில் காட்டினார். அது கருகிச் சுருளும் வரை நின்றார்.

மூன்றாம் நாள் காலை அப்பா எழுந்திருக்கவில்லை. முதல் நாள் இரவு ஓட்ஸ் கஞ்சிதான் குடித்திருந்தார். அமாவாசைக்குப் பிறகு அந்த வீட்டில் சோறே வடிக்கவில்லை. குமுதா அவர் முகத்தைத் துடைக்கக் குனிந்தபோது உதட்டோரம் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அதை எடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது.

டாக்டர் இருதயம் என்று எழுதிக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்த பிறகு குமுதா முன்னறையைப் பூட்டிச் சாவியைப் பர்ஸில் போட்டுக்கொண்டாள். குழுவிலிருந்து வரைபடத்தை அழிக்கப் பார்த்தாள். நாளாகிவிட்டது, எல்லோரிடமிருந்தும் அழிக்க முடியாது என்றது கைப்பேசி. "தயவுசெய்து அந்தப் படத்தை அழித்துவிடுங்கள்" என்று எழுதினாள். நாற்பத்தாறு பேரும் அழும் முகங்களை அனுப்பினார்கள். இரண்டாவது பதிவைச் சுகுமாரனிடம் போட்டுக் காட்டினாள். கேட்கட்டும், கேட்டுப் பயப்படட்டும் என்று. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கடைசி வரைக்கும் பேரப் பசங்களத்தான் கேட்டிருக்காரு பாருக்கா."

"சுகு, அது அப்பா இல்ல."

"எனக்கு அப்பா குரல் தெரியாதா? தன் பேர தானே கூப்பிட்டுக்கிறாரு பாவம். கடைசியில மனசு குழம்பியிருக்கும்." அவள் தலையைத் தடவினான். "நீ ரெஸ்ட் எடுக்கா."

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. கேட்காத காதுகளுக்குச் சொல்லிச் சொல்லியே அவள் ஆயுசு போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் வாரம் வேலைக்குத் திரும்பினாள். ஒருநாள் சாயங்காலம் வாசலில் நோர்மா அக்கா நிறுத்தி மலாயில் கேட்டார். பகலில் உன் வீட்டு முன்னறையில் நிறையப் பேர் பேசுகிறார்களே, ஊரிலிருந்து சொந்தக்காரர்களா? தமிழ் எனக்குப் புரியாது, ஆனால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிற மாதிரி இருந்தது. குமுதா பர்ஸைத் திறந்து பார்த்தாள். சாவி இருந்தது.

அன்றே தேன்மொழிக்குப் போன் பண்ணினாள். "கருமாதிக்கு நீ வராத. மாசமா இருக்கவ அந்த வீட்டுக்கு வரக் கூடாது."

"என்னம்மா நீங்க? இதெல்லாம் சும்மா லா, நம்பாதன்னு சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே. சின்ன வயசுல அப்பா நம்மள விட்டுப் போனதுலேருந்து என்னை வளர்த்ததே தாத்தாதான். நான் வராம இருப்பேனா?"

"சரி, பாப்பா பேர மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. யாரு கேட்டாலும். சத்தியம் பண்ணு."

மறுமுனையில் தேன்மொழியின் குரல் உடைந்தது. "எனக்கு அதுதாம்மா வலிக்குது. எத்தன தடவ கேட்டாரு. ஒரு தடவ சொல்லியிருக்கலாம்."

பதினாறாம் நாள். வீடு நிறைய ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை, நடு மத்தியானம், கூடம் முழுக்க வெயில். குமுதா படையலைக் கூடத்தில் வைக்கலாம் என்றாள். யாரும் கேட்கவில்லை. சாவி தொலைந்துவிட்டது என்றாள். சுகுமாரன் பூட்டை உடைத்துவிட்டான். அறையைக் கழுவி, அப்பா படத்துக்கு மாலை போட்டு, ஒரே ஒரு பெரிய இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, ஒரு கோப்பையில் கோப்பி-ஓ, பக்கத்தில் நான்கு கிராக்கர் பிஸ்கட். எல்லாம் நவமணி பார்த்துப் பார்த்து வைத்தாள். குமுதா வாசலில் நின்று உள்ளே பார்த்தாள்.

அப்பா படத்துக்குப் பின்னால், சுவர் முழுக்க, அந்த வரைபடம். முன்னைவிடப் பெரிதாக. கீழே ஓரத்தில் காலிக் கட்டம்.

"என்கிட்ட இருந்த படத்த கே.எல்.ல பிரிண்ட் பண்ணேன்" என்றான் சுகுமாரன் பெருமையாக. "அப்பாவுக்கு மரியாதக்கா. படையல் நேரத்துல அவரு பேச்சையும் ஸ்பீக்கர்ல போடலாம்னு இருக்கேன்."

"அத எடு."

"அக்கா…"

"எடு சுகு! கால்ல விழுறேன், எடு!"

நவமணி வந்து அவளை அணைத்து இழுத்துக்கொண்டு போனாள். பாவம், அப்பா போன அதிர்ச்சி என்றார்கள். சுகுமாரன், "அப்பா, வாங்கப்பா, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டான். கதவைச் சாத்தினார்கள்.

தேன்மொழி நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். "காலையிலேருந்து ஒரே உதைம்மா" என்று சிரித்தாள். குமுதா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சாம்பிராணி வாசனை வந்தது. அப்புறம் ஈர மண் வாசனை. வெளியே மழை இல்லை.

தண்ணீர் ஊற்றும் சத்தம்.

தொண்டைச் செருமல்.

"சுகுமாரா." அப்பாவின் குரல். "பெரியவன் எங்கப்பா இருக்கான்?"

கூடத்தில் விம்மல்கள் எழுந்தன. ஸ்பீக்கர் போட்டுவிட்டான் என்று நினைத்தார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே அழுதாள். சுகுமாரனின் மனைவி கதவைப் பார்த்து, "மெல்பர்ன்ல படிக்கிறான் மாமா" என்றாள்.

"நவமணிக்கு எத்தன பேத்தி?"

"மூணு, பெரியப்பா" என்றாள் நவமணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பேர்களையும் சொன்னாள். ஒவ்வொன்றாக.

இரண்டு வருடமாக அவள் கேட்ட ஒரு கேள்விக்கும் வாய் திறக்காத குடும்பம். இப்போது போட்டி போட்டுக்கொண்டு சொல்கிறது. அவள் திரும்பிச் சுகுமாரனைப் பார்த்தாள். அவன் முகம் குழம்பியிருந்தது. கையில் கைப்பேசி. கதவு திறக்க வைத்த நேரக்கணக்கு அதில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் சாப்பாட்டு மேசையில் இருந்தது. பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில். அதன் விளக்கு எரியவில்லை.

"அக்கா," என்றான் அவன் மெதுவாக, "நான் இன்னும் போடவே இல்லையே."

"தேனு." கதவுக்குப் பின்னாலிருந்து அதே குரல். பாசம் ஒழுகும் குரல். வாரா வாரம் போனில் கேட்ட குரல். "பாப்பாவுக்கு என்னம்மா பேரு?"

குமுதா எழுந்தாள். கால் இடறியது. மகளின் வாயைப் பொத்தக் கை நீட்டினாள்.

தேன்மொழியின் கன்னமெல்லாம் கண்ணீர். அவள் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நித்திலா, தாத்தா" என்றாள். "நித்திலான்னு வச்சிருக்கோம்."

உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது.

பிறகு கதவு தட்டப்பட்டது. உள்ளேயிருந்து. ஒன்று. இரண்டு. மூன்று.

சுகுமாரன்தான் கடைசியில் போய்த் திறந்தான். குமுதா அவனைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

அறையில் யாரும் இல்லை. அப்பாவின் இலை காலியாகத் துடைத்தாற்போல் இருந்தது. வரைபடத்தில் அந்தக் கடைசிக் கட்டம் நிறைந்திருந்தது. குழம்பு தொட்ட விரலால் எழுதிய நான்கு எழுத்து. இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

"அம்மா," கூடத்திலிருந்து தேன்மொழி கூப்பிட்டாள், குரலில் இன்னும் பயம்கூட வரவில்லை, "பாப்பா ஒதைக்கிறத நிறுத்திட்டா."

குமுதா திரும்பவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலை போட்டிருந்தது. நுனியிலிருந்து கிள்ளியெடுத்த, உள்ளங்கை அகலம்கூட இல்லாத துண்டு இலை. அதன் நடுவில், பல் முளைக்காத வாய்க்கு ஏற்றபடி, யாரோ பாலும் சோறும் நன்றாகக் குழையப் பிசைந்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.